பாரமானி இறங்குகிறது, படகுக்கு யார் சொல்வது?

கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஜூஜுவாடியில் ஒரு பாதரசப் பாரமானியை நிறுத்திப் பாருங்கள். பாதரசம் ஏறத்தாழ 68 செ.மீ. உயரத்தில் நிற்கும். 76 செ.மீ. என்று பாடத்தில் படித்த மாணவர், "சார், கருவி பழுதா?" என்று கேட்பார். பழுதன்று. ஊர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தலைக்கு மேலுள்ள காற்று அந்த அளவுக்குக் குறைவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் உச்ச வலுவில் இருந்தபோது, அதன் மையத்தில் அழுத்தம் 976 மில்லிபார். அதாவது பாதரசம் 73 செ.மீ. அப்படியானால் புயலின் மையத்தைவிட ஜூஜுவாடியில் அன்றாடம் அழுத்தம் குறைவு! ஆயினும் இங்கே கூரைகள் பறப்பதில்லையே, ஏன்? காற்றை விரட்டுவது அழுத்தத்தின் அளவன்று. ஒரே மட்டத்திலுள்ள இரண்டு இடங்களுக்கு இடையே இருக்கும் அழுத்த வேறுபாடுதான். ஒக்கியில், சில நூறு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 30 மில்லிபார் சரிவு இருந்தது. அந்தச் சரிவில்தான் மணிக்கு 155 கி.மீ. வேகக் காற்று பிறந்தது.

ஒக்கி வளர்ந்த வேகமும் அசாதாரணமானது. நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. தூத்தூர், வள்ளவிளை போன்ற குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிப்புக்குச் சென்ற படகுகள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டவை. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு அவர்கள் கண்ணுக்கு எட்டுமா?

வானொலியில் சொல்லலாமே என்பீர்கள். படகுகளில் இருக்கும் வி.எச்.எப். கருவியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள், அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கரையில் 30 மீட்டர் கோபுரம் என்றால் 22.6; படகில் 5 மீட்டர் கம்பம் என்றால் 9.2. இரண்டும் சேர்ந்து 32 கி.மீ.கூட இல்லை! ஆழ்கடல் படகோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். கோபுரத்தை நான்கு மடங்கு உயர்த்தினாலும் அதன் பங்கு இரண்டு மடங்குதான் ஆகும். பலர் வீடு திரும்பாமல் போனதற்கு இந்த வர்க்கமூலமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோபுரம் போதாது என்றால் செயற்கைக்கோள்தான் வழி. 36,000 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் கடலின் வளைவு தடையாவதில்லை. 2019இல் வந்த 'ஜெமினி' கருவி, ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி, மீனவரின் கைபேசியில் காட்டுகிறது. ஆனால் அது கேட்கும் கருவியே தவிர, பேசும் கருவி அன்று. 'படகில் தண்ணீர் ஏறுகிறது' என்று கரைக்குச் சொல்ல அதனால் இயலாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தின்படி படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர்தான் இரு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்ப வல்லது.