இது எந்தக் கோழி இட்ட முட்டை?

டீ வருவதற்குள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி செல்போனை நீட்டினான். படத்தில் அவன் வளர்க்கும் பெருவிடைக் கோழிகள். "பார்த்தாலே சொல்லிருவேங்ணா. இது கீரி, அது செவலை, அந்த மயில் போன தையில பொரிச்சது."

"செவலைக்கு அம்மா எது?"

யோசித்தான். "ரெண்டுல ஒண்ணுங்ணா."

அந்த 'ரெண்டுல ஒண்ணு'தான் வம்பு. நாலு பெட்டை, ஒரு சேவல் என்றால் கண்ணே போதும். எங்கள் அம்மிச்சி கோழிக் காலில் சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவார்; அடுத்த வீட்டுக் கோழியோடு கலந்தாலும் தெரிந்துவிடும். அது யாருடைய கோழி என்று சொல்லும் அடையாளம். இனவிருத்திக்கோ அது யாருக்குப் பிறந்தது என்று தெரிய வேண்டும். அதை வளர்ந்த கோழியின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முட்டையிலேயே தொடங்க வேண்டும்.

தாயின் நம்பரையும் தேதியையும் முட்டை மேல் பென்சிலால் எழுது என்றேன். பேனா வேண்டாம், ஓட்டில் நுண்துளைகள் உண்டு. எந்தக் கோழி இட்டது என்று தெரிய, ஒவ்வொன்றையும் தனியாக அடைக்கலாம். அல்லது கோழி உள்ளே போனதும் கதவு விழுந்துகொள்ளும் முட்டைப்பெட்டி வைக்கலாம். இரண்டாவதற்கு வீட்டில் ஆள் வேண்டும். திறந்துவிட மறந்தால் சித்திரை வெயிலில் கோழி பெட்டிக்குள்ளேயே வெந்துபோகும். இங்குபேட்டரில் 18-ஆம் நாள் ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் தனித்தனி வலைப்பையில் போட்டுவிட வேண்டும். 21-ஆம் நாள் பொரித்துக் கலந்துவிட்டால், அவ்வளவு நாள் எழுதியது ஓட்டோடு குப்பைக்குப் போகும்.

"சேவல் பிரச்சினை இல்லீங்ணா. பழசைப் பிடிச்சு வித்துட்டுப் புதுசு விட்டுட்டேன்."

"எப்போ?"

"போன வாரம்."

சேவல் போனாலும் அதன் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். மூன்று வாரம் போன பிறகு இடும் முட்டையைத்தான் புதுச் சேவல் பேரில் எழுத வேண்டும். அதுவரை வருவதை ஆம்லெட் போட்டுக்கொள்.

இனி குஞ்சுக்கு அடையாளம். ஒரு காலில் முன்பக்கம் மூன்று விரல். அவற்றுக்கு இடையே இரண்டு ஜவ்வு. இரண்டு காலுக்கும் நாலு. ஒவ்வொன்றிலும் ஓட்டை போடலாம், போடாமலும் விடலாம். ஆகவே மொத்தம் 16 விதம். வலது வெளி ஜவ்வு ஒரு தாய், இடது உள் ஜவ்வு இன்னொரு தாய் என்று வைத்துக்கொள்ளலாம். பொரித்த முதல் நாளே அதற்கான சின்னப் பஞ்ச் கருவியால் போட வேண்டும். துண்டு முழுசாக விழாவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். இது குடும்பத்தைத்தான் சொல்லும். ஒவ்வொரு குஞ்சுக்கும் தனி நம்பர் வேண்டுமென்றால் இறக்கை மடிப்புத் தோலில் மாட்டும் தகடு இருக்கிறது. தகடு கழன்றாலும் கால் ஓட்டை காட்டிக்கொடுக்கும்; அதனால் இரண்டும் நல்லது.

அடையாளத்துக்குக் காலில் கட்டும் கேபிள் டை மலிவு, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒருமுறை வளரும் குஞ்சின் காலில் கட்டிவிட்டு மறந்துபோனேன். கால் பருத்தது, டை பருக்கவில்லை. நொண்டியதைப் பார்த்துத் தூக்கினால் பிளாஸ்டிக் சதைக்குள் இருந்தது. அன்றிலிருந்து மாதம் இருமுறை விரல் விட்டுப் பார்க்கிறேன்.

"நல்லா முட்டை இடறதை மட்டும் வச்சுக்கிட்டாப் பத்தாதுங்களா? எதுக்கு இவ்வளவு எழுத்து?"

அமெரிக்காவில் மேய்ன் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் 1898-லிருந்து அதைத்தான் செய்தார்கள். கதவு விழும் பெட்டி வைத்து எண்ணி, அதிகம் இட்ட கோழிகளையே தாயாக வைத்தார்கள். ஒன்பது வருஷம் போயும் சராசரி ஏறவில்லை. 1907-இல் அங்கே வந்த ரேமண்ட் பேர்ல் கணக்கை அலசி, தாய் இட்டதைப் பார்க்காமல் அதன் மகள்கள் இட்டதைப் பார்த்துத் தாயைத் தேர்ந்தெடுத்தார். பிறகுதான் ஏறியது. எந்த மகள் யாருடையவள் என்று நோட்டில் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

அண்ணனையும் தங்கையையும் தெரியாமல் சேர்த்துவிட்டால் வருகிற கேடு வேறு. அப்படியே தலைமுறை போனால் முட்டை பொரிப்பது குறையும். நாம் இங்குபேட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

டீ ஆறிவிட்டது. ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கேட்டான்: "அப்போ அந்தச் செவலைக்கு என்னங்ணா எழுதறது?"

"நம்பர் போடு. அம்மா கட்டத்துல ஒரு கோடு இழுத்து விட்டுரு. ஊகிச்சு மட்டும் எழுதிப்போடாதே."