வந்த மீனும் வழிதிறந்த மனிதனும்

அந்நிய மீன் நன்னீரிற் பெருகுதற்கு அதன் வலிமை மட்டுமே காரணமன்று, வழிதிறப்பவன் மனிதனே. நம் குளங்களே இதற்குச் சான்று.

ஆபிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளுக்குரிய திலாப்பியா, உணவுப் பெருக்கங் கருதி 1952ஆம் ஆண்டில் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. குளங்கள் மனிதர் அமைத்தவை. சுதேச மீன்களோ பெரும்பாலும் ஆறுகளிலும் சதுப்புகளிலும் பழகியவை. எனவே, அகன்று தேங்கிய நீர்ப்பரப்பிற் போட்டி குறைவு. குஞ்சுகளை வாயிலே பொதிந்து காக்கும் அம்மீனினம் விரைவிற் பெருகிற்று. ஏழையர் கலத்துக்குக் கறியுங் கிடைத்தது. அதனை மறுத்தல் நன்றன்று.

ஆயின், அலங்காரத் தொட்டியில் வளர்த்து அலுத்த மீனை ஓடையிற் கொட்டுவார்க்கு அந்தச் சமாதானமும் இல்லை. உலகில் வேறெங்குங் காணப்படாத சிறு மீன்கள் நம் ஈரவலய ஓடைகளில் வாழ்கின்றன. அவை அழிந்தால் மீளா. மாணாக்கரே, தொட்டியைக் கவிழ்க்குமுன் இதனை எண்ணுவீராக.