கணினியின் மூளை எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது?

குதிரை வாங்கப் போகிறவன் அதன் ஓட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அது நாளொன்றுக்குத் தின்னும் கொள்ளின் கணக்கையும் கேட்டறிந்த பின்னரே விலை பேசுகிறான். கணினி வாங்கப் போகும் நாமோ ஓட்டத்தைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுக் கொள்ளின் கணக்கை மறந்துவிடுகிறோம். பின்னர் மாதம் பிறந்து மின்கட்டணச் சிட்டை கைக்கு வரும்போதுதான் அந்த நினைவு வருகிறது.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர் கடதாசித் துண்டொன்றுடன் எம்மிடம் வந்தார். அவருடைய மகன் பொறியியல் கற்கப் பல்கலைக்கழகம் புகுந்திருக்கிறான். அவனுக்கு மேசைக் கணினி ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டிலே 'கோர் ஐ9-14900கே' என்னும் இன்டெல் நிறுவனச் செயலியின் பெயர் இருந்தது.

"ஓரிடத்தில் 125 வாற்று என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 253 வாற்று என்று போட்டிருக்கிறது. ஒரு பொருளுக்கு இரண்டு நிறை உண்டோ? இதில் எது மெய், எது பொய்? நீர் சொல்லும்!" என்றார் நண்பர்.

இரண்டும் மெய் என்றோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தச் சந்தேகம் எழுவது நியாயமே. அன்று அவருக்குக் கூறிய விளக்கத்தையே வாசகர்களுக்கும் இங்கே சற்று விரித்துக் கூறுகின்றோம்.

பழைய பூதம்

1946ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்னும் கணக்கிடும் யந்திரம் உலகத்தாருக்குக் காட்டப்பட்டது. அதன் நிறை ஏறக்குறைய 30 தொன். அதனுள்ளே எரிந்த வெற்றிடக் குழாய்கள் சுமார் 18,000. அது விழுங்கிய மின்வலு ஏறக்குறைய 150 கிலோவாற்று. இத்தனையையும் உண்டு அந்தப் பூதம் ஒரு செக்கனில் செய்த வேலையோ 5,000 கூட்டல் கணக்குகள்தான்.

இன்று 65 வாற்று வகுப்பைச் சேர்ந்த செயலி ஒன்று, விரல் நகமளவான சிலிக்கன் துண்டிலே, ஒரு செக்கனில் பல ஆயிரம் கோடி கணக்குகளைச் செய்கிறது. மனிதன் செய்த யந்திரங்களுள் இத்துணைச் சிக்கனத்தை எய்தியது வேறு யாதும் உண்டோ என்பது ஐயமே. அப்படியிருக்க, இப்பொழுது வரும் புதிய செயலிகள் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கின்றன என்னும் முறைப்பாடு ஏன் எழுந்தது? அதை அறிய வேண்டுமாயின் வெப்பம் பிறக்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

வெப்பம் பிறக்கும் விதம்

செயலி என்பது கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகளின் கூட்டம். திரான்சிஸ்டர் எனப்படும் அவ்வாளிகள் ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது சிறிதளவு மின்னேற்றம் உள்ளே பாய்ந்து வெளியேறுகிறது. அந்தச் சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே முடிகிறது. செயலி 253 வாற்று மின்சாரத்தை உண்கிறது என்றால், 253 வாற்று வெப்பத்தை அறைக்குள்ளே விடுகிறது என்பதே அதன் பொருள்.

இவ்வலுவை நிர்ணயிப்பவை இரண்டு. ஒரு செக்கனில் ஆளி எத்தனை தடவை துடிக்கிறது என்பது ஒன்று. எத்தனை வோல்ற்று அழுத்தத்தில் துடிக்கிறது என்பது மற்றொன்று. துடிப்பு இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். ஆனால் அழுத்தம் இரட்டித்தால் செலவு நான்கு மடங்காகும். இவ்விடத்தில்தான் வினையின் வேர் இருக்கிறது. ஏனெனில், ஓர் எல்லைக்கு மேல் துடிப்பைக் கூட்ட விரும்பினால் அழுத்தத்தையும் கூட்டியே தீரவேண்டும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டினோமாயின், வேகம் கூடுவது அதிகம் போனால் பத்து வீதம். செலவு கூடுவதோ ஏறக்குறைய 33 வீதம். மாணவர்கள் 1.1ஐ மும்முறை பெருக்கிப் பார்த்து இதனைத் தாமே அறிந்துகொள்ளலாம்.

பொற்காலமும் அதன் முடிவும்

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரொபேட் டெனாட் என்னும் அறிஞர் 1974ஆம் ஆண்டிலே தம் சகாக்களுடன் சேர்ந்து ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். ஆளிகளைச் சிறிதாக்கும்போது அவற்றின் அழுத்தத்தையும் அதே அளவில் குறைத்தால், அதே பரப்பில் கூடுதலான ஆளிகளை அமைக்கலாம். அவற்றைக் கூடுதலான வேகத்தில் ஓட்டலாம். ஆயினும் வெப்பம் கூடாது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கணினித் தொழில் இந்த வரத்தை அனுபவித்தது. 1993இல் வந்த முதற் பென்டியம் செயலி 31 இலட்சம் திரான்சிஸ்டர்களுடன் 5 வோல்ற்றில் ஓடியது. பின்வந்தவற்றில் அழுத்தம் படிப்படியாக இறங்கி ஒன்றேகால் வோல்ற்று அளவுக்கு வந்தது.

அங்கே ஒரு சுவர் எதிர்ப்பட்டது. அழுத்தத்தை மேலும் குறைத்தால், மூடிய ஆளியின் ஊடாகவும் மின்னோட்டம் கசியத் தொடங்கியது. பூட்டிய குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் போல. 2004ஆம் ஆண்டிலே இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹேர்ட்ஸ் வேகத்தையும் 115 வாற்று வெப்பத்தையும் எட்டியது. 4 கிகாஹேர்ட்ஸ் செயலியைத் தருவதாகக் கூறியிருந்த நிறுவனத்தார் அதே ஆண்டில் அந்த எண்ணத்தைக் கைவிட்டனர். 2006ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர்கள் 'கோர் 2 டுவோ' என்னும் புதிய செயலியை வெளியிட்டனர். துடிப்பிலே குறைந்த அது, 65 வாற்றுக்குள் இருந்துகொண்டு, முன்னையதை வேலையிலே வென்றது. துடிப்பு வேறு, வேலை வேறு என்னும் பாடத்தை அன்று உலகம் கற்றது. கற்ற பாடத்தைச் சில ஆண்டுகளில் மறப்பதும் உலக இயல்பன்றோ!

இரண்டு எண்களின் இரகசியம்

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். பெட்டியின் மேல் உள்ள 125 வாற்று என்பது, செயலி தன் அடிப்படை வேகத்தில் நெடுநேரம் பாரம் சுமக்கும்போது ஆகும் செலவு. 253 வாற்று என்பது, அது தன் முழு மூச்சையும் பிடித்து ஓடும்போது நிறுவனத்தார் அனுமதித்த உச்சம். ஒன்று நடை, மற்றது ஓட்டம். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் வழக்கமும் இவ்வாறானதே. 2022 செப்டெம்பரில் வந்த 'ரைசன் 9 7950எக்ஸ்' செயலியின் பெட்டியிலே 170 வாற்று என்றிருக்கும். உண்மையில் அது 230 வாற்று வரை உண்ணும். ஆகவே, பெட்டியின் மேல் உள்ள எண் விசிறியும் குளிர்விப்பானும் தெரிந்தெடுக்க உதவும் எண்ணே அன்றி, மின்மானியின் எண் அன்று.

253 வாற்று என்பது பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். வீட்டிலுள்ள மின்னழுத்தி 1,000 வாற்று உண்கிறதே என்பர். உண்மை. ஆனால் அழுத்தியின் வெப்பம் உள்ளங்கையிலும் பெரிதான தகட்டிலே பரவுகிறது. செயலியின் சிலிக்கன் துண்டோ ஏறக்குறைய இரண்டரைச் சதுர சென்ரிமீற்றர் பரப்புடையது. ஒரு சதுர சென்ரிமீற்றரில் சுமார் 100 வாற்று! அழுத்தியின் தகட்டை விடப் பன்மடங்கு நெருக்கமான வெப்பம் இது. மேலும், ஒன்றேகால் வோல்ற்றில் 253 வாற்றை ஊட்ட வேண்டுமாயின் சுமார் 200 அம்பியர் மின்னோட்டம் அத்துண்டினுள் பாய வேண்டும். நம் நாட்டின் சாதாரண வீடொன்றுக்கு வரும் இணைப்பு 30 அம்பியர் என்பதை நினைத்தால் இதன் பயங்கரம் விளங்கும்.

கடைசிப் படியின் விலை

இவ்வளவு மின்சாரத்தையும் ஊட்டிப் பெறும் பயன் யாது? இங்கேதான் விந்தை இருக்கிறது.

மேற்சொன்ன ரைசன் 9 7950எக்ஸ் செயலியை 65 வாற்று வகுப்புக்கு இறக்கி ஓட்ட அதனுள்ளேயே வசதி உண்டு. அப்போது அதன் உண்மையான உச்சச் செலவு 88 வாற்று. அவ்வாறு ஓட்டிச் சோதித்தவர்கள், பாரமான வேலையில் அது தன் முழு வேகத்தின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் தருவதைக் கண்டனர். 230 வாற்றில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, 88 வாற்றில் பன்னிரண்டரை நிமிடத்தில் முடிகிறது. சக்தியைக் கணக்கிட்டால், முன்னையது 2,300 வாற்று-நிமிடம். பின்னையது 1,100 வாற்று-நிமிடம். இரண்டரை நிமிடப் பொறுமைக்குப் பாதி மின்சாரம் பரிசு!

இன்டெல் நிறுவனத்தாரே இதற்குச் சான்று கூறியிருக்கின்றனர். 2022இல் 'கோர் ஐ9-13900கே' செயலியை அறிமுகப்படுத்தியபோது, அது 65 வாற்றிலேயே தன் முன்னோனான 12900கே 241 வாற்றில் செய்த வேலையைச் செய்யும் என்று அவர்கள் காட்டினர். அப்படியாயின் அதனை 253 வாற்றுக்கு ஏன் உயர்த்தினர்? பந்தயத்திலே போட்டியாளனை முந்தும் கடைசி அடிக்காகத்தான். அந்த அடிக்கு வேண்டிய கொள்ளு முழுவதும் வாங்குபவன் தலையிலே விழுகிறது.

வேகத்துக்கு வேறு வழியும் உண்டு. 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட 'ரைசன் 7 7800எக்ஸ்-3டி' செயலியில் எட்டுக் கோர்கள் மட்டுமே. ஆனால் வேண்டிய தரவுகளை அருகிலே வைத்திருக்கும் 96 மெகாபைற் சேமிப்பறை அதிலே உண்டு. அடுப்படிக்குப் பக்கத்திலேயே சரக்கறை இருந்தால் சமையல் விரைவாக நடப்பதைப் போல, அது கணினி விளையாட்டுகளில் 24 கோர்களைக் கொண்ட பெரிய செயலியோடு தோளொத்து ஓடியது, பலவற்றிலே முந்தியது. அதற்குச் செலவான மின்சாரமோ பெரியதன் செலவில் பாதிக்கும் குறைவு. புத்தி பலத்தை வென்றது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமோ?

அளவு மீறியதன் பலன்

அளவு மீறினால் அமுதமும் நஞ்சாகும் என்பர். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்தரச் செயலிகளைப் பாவித்தோர் பலருடைய கணினிகள் காரணம் தெரியாமல் இடையிலே நின்றுபோயின. 2024ஆம் ஆண்டிலே நிறுவனத்தார் உண்மையை ஒப்புக்கொண்டனர். செயலி தேவைக்கு மிஞ்சிய அழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் அதன் உள்ளுறுப்புகள் காலத்துக்கு முன்பே தேய்ந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் திருத்தம் வழங்கப்பட்டது. உத்தரவாதக் காலமும் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஆயினும் திருத்தத்தினால் நோயைத் தடுக்க முடிந்ததே தவிர, முன்னரே தேய்ந்துபோன செயலியை மீட்க முடியவில்லை.

இதன் பின்னர் இரு நிறுவனங்களும் சற்று நிதானித்தன. 2024 ஒக்டோபரில் வந்த இன்டெல்லின் 'கோர் அல்ட்ரா 9 285கே' பல விளையாட்டுகளில் முன்னையதற்குச் சற்றே பிந்தியது. ஆனால் மின்சாரத்தைத் தெளிவாகக் குறைத்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ.எம்.டி. தன் எட்டுக் கோர்ச் செயலியான 'ரைசன் 7 9700எக்ஸ்'ஐ 65 வாற்று வகுப்பிலே வெளியிட்டது. வேகம் போதவில்லை என்று விமர்சகர்கள் முணுமுணுத்தனர். உடனே நிறுவனத்தார் வேண்டுவோர்க்கு 105 வாற்று வழியையும் திறந்துவிட்டனர். சிக்கனத்துக்குக் கைதட்டுவோர் குறைவு என்பதை நிறுவனத்தாரும் அறிவர்.

நம் வீட்டுக் கணக்கு

நண்பருக்கு ஓர் உண்மையை மறையாது சொன்னோம். கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் மட்டும் கணினியைப் பாவித்தால், பெரிய செயலியும் சிறிதளவே உண்ணும். கட்டணத்தில் பெரும் வேறுபாடு தோன்றாது. ஆனால் பொறியியல் மாணவன் அதனை நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் முழுப் பாரத்துடன் ஓட்டினால், 253 வாற்றுக்கும் 88 வாற்றுக்கும் உள்ள 165 வாற்று வேறுபாடு மாதத்திலே ஏறக்குறைய 15 அலகாகிவிடும். அலகு கூடக் கூடக் கட்டணப் படியும் ஏறும் நம் நாட்டிலே, அந்த 15 அலகு முழுச் சிட்டையையும் அடுத்த படிக்கு ஏற்றிவிடக் கூடும்.

செலவு அதோடும் நிற்பதில்லை. பெரிய செயலிக்குப் பெரிய குளிர்விப்பான், பெரிய பவர் சப்ளை, உறுதியான தாய்ப்பலகை, மின்சாரம் நின்றால் தாங்கும் பெரிய யு.பி.எஸ். ஆகிய யாவும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை நாம் மறக்கவில்லை. மேலும், மேல்நாட்டுச் சோதனைகள் குளிர்ந்த அறைகளிலே நடப்பவை. நம் அறை அதைவிடப் பத்துப் பாகை சூடாயின், செயலியும் ஏறக்குறையப் பத்துப் பாகை கூடுதலாகவே சுடும். விசிறி இரைந்து சுழலும். படிக்கும் பிள்ளை வியர்த்து ஒழுகுவான்.

ஆகவே வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டல் நன்று. "இதன் உச்ச வாற்று எவ்வளவு?" என்பது ஒன்று. "அந்த உச்சத்தைக் குறைத்து அமைத்துத் தருவீர்களா?" என்பது மற்றொன்று. கணினியின் பயோஸ் எனப்படும் அடிப்படை அமைப்பிலே அதனைச் சில நிமிடங்களில் செய்து தரலாம். பெரிய செயலியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இவ்வாறே அதனை அடக்கி ஆளலாம்.

சென்ற கிழமை நண்பர் மீண்டும் வந்தார். 65 வாற்று வகுப்பைச் சேர்ந்த எட்டுக் கோர்ச் செயலியை வாங்கியதாகவும், மிஞ்சிய பணத்தில் மகனுக்கு நல்ல திரையொன்றும் உறுதியான நாற்காலியொன்றும் வாங்கியதாகவும் கூறினார். "பையன் முதலில் முகத்தைச் சுளித்தான். இப்போது இரவில் கணினி ஓடுகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை, அவ்வளவு அமைதி!" என்று சிரித்தார்.

ஓடுகிற குதிரையின் மூச்சிரைப்புக் கேளாத வீட்டிலே, படிக்கிற பிள்ளைக்கும் உறங்குகிற பெற்றோருக்கும் நிம்மதி உண்டு.