ஓதம் ஏறும் ஆறும் ஓடம் செல்லும் கால்வாயும்

சாரல் காலத்தில் குற்றால அருவிக்கரையில் நிற்கும் நமக்கு, நீர் என்பது மேலிருந்து கீழாக ஒரே திசையில் செல்லும் பொருள். ஆனால் அம்மலையில் பிறந்து தென்காசியைத் தழுவிச் செல்லும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலந்து, புன்னைக்காயலில் கடலை அடையும்போது அவ்விதி மாறிவிடுகிறது. அங்கே ஓதம் ஏறுகையில் கடல்நீர் ஆற்றுக்குள் புகுகிறது. சுமார் ஆறு மணி நேரத்தில் வடியத் தொடங்குகிறது. இவ்வேற்றத்தை ‘மத்து’ என்றும் வற்றத்தை ‘ஜஸ்ர்’ என்றும் அரபியர் வழங்குவர்.

இவ்வாறு இருதிசையும் ஓடும் ஆற்றோடு, மரக்கலம் செல்லும் கால்வாயை இணைப்பதில் இரு இடர்கள் உள. ஆற்றின் மட்டம் ஏறி இறங்க, கால்வாயின் மட்டமும் உடன் அலைவுறும், இது முதலாவது. ஆற்றின் வேகநீர் கால்வாயின் தேங்குநீரைத் தொட்டதும் வேகம் தணிந்து, சுமந்து வந்த வண்டலை வாயிலிலேயே இறக்கிவிடும், இது இரண்டாவது.

பஸராவாசிகள் இதனை நன்கறிந்திருந்தனர். அந்நகரை ஓதம் ஏறும் ஆற்றோடு இணைத்த நஹ்ருல் உபுல்லா கால்வாயின் வாயிலில் இருந்த நீர்ச்சுழி மரக்கலங்களை விழுங்கி வந்தது. அப்பாஸிய அரசகுலப் பெண்மணி ஒருவர் கப்பல்களில் கற்களை நிரப்பி அங்கே அமிழ்த்தச் செய்து அதனைத் தணித்தார் எனப் பழைய புவியியல் நூல்கள் கூறுகின்றன. கி.பி. 1051இல் அங்குச் சென்ற நாஸிர் குஸ்ரோ, நாளுக்கு இருமுறை நீர் ஏறி வடிவதை வியந்து எழுதியுள்ளார்.

நம் மாநிலத்தில் இதற்கு நிகரானது பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பெற்ற அது, தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், நிவாரணப் பணியாகக் கூவத்திற்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டி இணைக்கப்பட்டது. பசித்தோர் கூலிக்கு வெட்டிய வழி அது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. மட்டவேறுபாட்டைச் சமாளிக்க ‘லாக்’ எனும் இரட்டைக் கதவு அடைப்புகள் உதவின: படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைப்பர், நீர்மட்டம் சமமானபின் முன்கதவைத் திறப்பர்.

கதவு மட்டத்தைக் காக்கும், வண்டலை அகற்றாது. அதனைத் தூர்வாரும் கையே அகற்ற வேண்டும். ரயிலும் சாலையும் வந்தபின் அக்கை ஓய்ந்தது. 1965, 1966, 1976ஆம் ஆண்டுகளின் புயல்கள் எஞ்சியதையும் சிதைத்தன. பின்னர் நகரப் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நடப்பட்டன. 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக இக்கால்வாய் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு தூண்களை அகற்றவில்லை.

இன்று படகு செல்லாமை பெரிய இழப்பன்று எனலாம். ஆயின் அக்கூடல்களே மழைவெள்ளம் கடலுக்குச் செல்லும் வழியுமாகும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது நீர் வழி தேடி வீடுகளுக்குள் நுழைந்ததை நாம் கண்டோம். வெட்டுவது ஒருமுறைப் பணி. வாயிலைத் தூர்வாமல் காப்பதோ தலைமுறைதோறும் செய்ய வேண்டிய பணி. அருவியில் குளித்துத் திரும்பும் நாம், அந்நீர் கடலைச் சேரும் முகத்துவாரத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும்.