சரவெடிபோல வரிசையாகச் சாகும் சிறுநீரக செல்கள்... தடுக்க வழி இருக்கிறதா? ஒரு ஜெர்மன் மருத்துவரின் தேடல்!

'கிட்னி ரெண்டும் திடீர்னு வேலை செய்யலை. டயாலிசிஸ் பண்ணித்தான் பார்க்கணும்.'

ஐ.சி.யூ வாசலில் காத்திருந்தவர்களில் பலர் இந்த வார்த்தைகளைக் கேட்டிருப்பார்கள். நேற்று வரை நன்றாக இருந்த சிறுநீரகம், கடுமையான நோய்த்தொற்று, அதிக ரத்த இழப்பு, பாம்புக்கடி, பெரிய இதய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு சில நாள்களில், சமயத்தில் சில மணி நேரத்திலேயே முடங்கிவிடுகிறது. டயாலிசிஸ், சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும். ஆனால், உள்ளே செத்துக்கொண்டிருக்கும் செல்களை அது காப்பாற்றாது.

அந்த செல்கள் எப்படிச் சாகின்றன? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகத் துரத்துபவர், ஜெர்மனியின் சிறுநீரக மருத்துவர் ஆண்ட்ரியாஸ் லிங்கர்மன். கீல் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வுகளைச் செய்தவர், பின்னர் டிரெஸ்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றினார்.

இலை உதிர்வதும் பலூன் வெடிப்பதும்

நம் உடலில் செல்கள் சாவது அன்றாட நிகழ்வு. வேலை முடிந்த செல், பக்கத்து செல்லுக்குத் தொந்தரவு தராமல் தானாகவே சுருங்கி மறைந்துவிடும். 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற மூன்று விஞ்ஞானிகள் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

இன்னொரு வகை மரணமும் உண்டு. அதில் செல் பலூன்போல வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிடும். சுற்றியுள்ள இடமெல்லாம் வீங்கும். இதை ஒரு விபத்தாகவே மருத்துவ உலகம் நீண்டகாலம் பார்த்தது. விபத்து என்றால் மருந்து கொடுத்து என்ன பயன்?

அந்த எண்ணம்தான் மாறியது. வெடித்துச் சாவதற்கும் செல்லுக்குள் ஒரு திட்டம் இருக்கிறது, அதற்கென்றே சில புரதங்கள் வேலை செய்கின்றன என்று தெரியவந்தது. திட்டம் என்று இருந்தால், அதை நடுவில் நிறுத்தவும் முடியும் அல்லவா?

2012-ல் லிங்கர்மன் குழு எலிகளின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, மறுபடி திறந்துவிட்டது. 'இலை உதிரும்' வகை மரணத்தைத் தடுக்கும் மருந்து பாதிப்பைத் தடுக்கவில்லை. வெடிக்கும் வகையைத் தடுக்கும் 'நெக்ரோஸ்டாட்டின்-1' பாதிப்பைக் குறைத்தது. ரத்த ஓட்டம் திரும்பிய பிறகு கொடுத்தபோதும் பலன் இருந்தது.

இரும்பு செய்யும் வேலை

அதே 2012-ல், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் டிக்சன், பிரென்ட் ஸ்டாக்வெல் குழு மற்றொரு செல் மரணத்தை அடையாளம் கண்டது. அதன் பெயர் 'ஃபெரோப்டோசிஸ்'. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புச் சவ்வு, இரும்பின் துணையோடு ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைவதே இது. எண்ணெய் காறிப்போவதும் கிட்டத்தட்ட இதே மாதிரியான வேதிவினைதான்.

ஸ்டாக்வெல்லுடன் கைகோத்த லிங்கர்மன் குழு, எலியின் சிறுநீரக நுண்குழாய்களைத் தனியே பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் கவனித்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக செல்கள் சாகவில்லை. சரவெடியைப் பற்றவைத்ததுபோல, குழாய் முழுவதும் செல்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் செத்தன. ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் புதிய மருந்து ஒன்றைக் கொடுத்தபோது, கடுமையாக பாதிக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகங்களும் காப்பாற்றப்பட்டன. 2014-ல் வெளியான இந்த ஆய்வு, சிறுநீரகம் ஏன் அவ்வளவு வேகமாக முடங்குகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது.

அதே ஆண்டு, மியூனிக்கில் மார்கஸ் கான்ராட் குழு 'ஜிபிஎக்ஸ்4' என்ற என்ஸைமை எலிகளிடமிருந்து நீக்கிப் பார்த்தது. ஃபெரோப்டோசிஸிலிருந்து செல்களைக் காக்கும் காவல்காரன் அது. காவல் போனதும், அந்த எலிகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன.

நமக்கு எப்போது மருந்து?

இவை எலிகளில் கிடைத்த வெற்றிகள். மனிதர்களுக்கான மருந்தாக இன்னும் கைக்கு வரவில்லை. செல் மரணம் எல்லா இடத்திலும் கெட்டதும் அல்ல. புற்றுநோய் செல்கள் சாக வேண்டும் என்றுதானே விரும்புகிறோம்? அதனால் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் தடுப்பது என்பதில் கவனம் தேவை.

மாற்று சிறுநீரக சிகிச்சைக்கும் இந்த ஆய்வு முக்கியம். தானமாகப் பெற்ற சிறுநீரகம் ரத்த ஓட்டமின்றிக் குளிரில் காத்திருந்து, புதிய உடலில் மறுபடி ரத்தத்தைப் பெறும்போது இதேபோன்ற பாதிப்பைச் சந்திக்கிறது. சிகிச்சை நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதால், தடுப்பு மருந்தைச் சரியான நேரத்தில் கொடுக்க இங்கே வாய்ப்பு அதிகம்.

ஒரு விஷயம். 'இரும்பால் செல் சாகிறதாமே' என்று, டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த ஆய்வுகள் பேசுவது செல்லுக்குள் நடக்கும் வேதிவினையைப் பற்றி. உங்கள் முருங்கைக்கீரையைப் பற்றி அல்ல. சிறுநீர் திடீரென குறைந்தாலோ, கால், முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சரவெடியில் முதல் வெடி வெடித்ததுமே திரியைக் கிள்ளும் மருந்து வரும் வரை, சீக்கிரம் போவதுதான் நம் கையில் இருக்கிறது.