அறை கட்டுகிறவர்கள் வண்டிக்கும் இடம் காட்டட்டும்

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலத்தில் சொந்தக்காரர் உள்ள யாரும் போன் போட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" என்பதுதான். விழுகிறது என்று தெரிந்ததும், சனிக்கிழமை விடிவதற்குள் தென்காசிச் சாலையில் வேன்கள் வரிசை கட்டிவிடும். ஆகஸ்ட் வரை சீசன் கூட்டம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். பழக்கடை, சிப்ஸ் கடை, எண்ணெய் மசாஜ், ஆட்டோ என்று ஊரில் பாதி அடுப்பு இவர்களை நம்பித்தான் எரிகிறது. எனவே, விடுதியே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஆனால் புது விடுதிக்கு வானம் தோண்டினால், பக்கத்து வீட்டுக்காரர் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: வருகிற வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள்?

கேள்வியின் நியாயம் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் புரியும். விடுதிக்குள் இடம் நிரம்பியதும் அடுத்து வரும் வேனுக்கு வாட்ச்மேன் தெருவைக் காட்டுகிறார். பாதிச் சக்கரம் சாக்கடை மூடிமேல், பாதி ரோட்டில். ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகள் காய்கின்றன. இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர் சீட்டைச் சாய்த்து அசந்து தூங்குகிறார். எதிர்வீட்டு கேட்டில் 'வண்டி நிறுத்தாதீர்கள்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தும் உள்ளே நிற்கும் ஸ்கூட்டரை வெளியே எடுக்க வழியில்லை. டிரைவரைக் குறை சொல்லி என்ன பயன்? அறை வாடகை வாங்கியவர் அவருக்கு இடம் தரவில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, விடுதிகள் தங்கள் மனைக்குள்ளேயே வாகன நிறுத்தம் ஒதுக்க வேண்டும் என்கின்றன. பெரிய வணிகக் கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்றிதழும் தேவை. ஆனால் வரைபடத்தில் வாகன நிறுத்தமாகக் காட்டிய தரைத்தளம், திறப்பு விழாவுக்குப் பின் ஹோட்டல் சமையற்கட்டாக மாறினால் விதி காகிதத்தோடு நின்றுவிடும்.

ரோட்டை அகலப்படுத்தலாமே என்பவர்கள் இடத்தை வந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மலையும் காடும். மறுபக்கம் குற்றாலநாதர் கோயில், சித்திர சபை, கடைவீதி, வீடுகள். இருக்கிற ரோட்டைக் காப்பது உயிர்ப் பிரச்சினையும்கூட. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அப்படியொரு நேரத்தில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் தடையில்லாமல் அருவி வரை போயாக வேண்டும்.

பொதுச் சொத்தைத் தனியார் எடுத்துக்கொள்வது இங்கே புதிதல்ல. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய ரிசார்ட்டுகள்மீது நடவடிக்கை எடுக்க 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஓடை நீர் பொது என்றால் தெருவும் பொதுதான்.

வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் செர்மாட் மலையூருக்குள் பெட்ரோல், டீசல் கார்கள் போக முடியாது. சுமார் 5 கிலோமீட்டருக்கு முன்னால் டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில் போகிறார்கள். நமக்கு நிலக்கல் இன்னும் பக்கம். 2018 வெள்ளம் பம்பையைச் சீரழித்த பிறகு, சபரிமலை வண்டிகள் நிலக்கல்லில் நின்றன. பக்தர்கள் கேரள அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போனார்கள். அதே பக்தர்கள்தான் குற்றாலத்திலும் குளிக்கிறார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். சீசன் சனி, ஞாயிறுகளில் வேன்களைத் தென்காசிப் பக்கமே நிறுத்தி, அருவிகளுக்குச் சுற்றுப் பேருந்து விடலாம். தென்காசி தனி மாவட்டமாகி 2019 நவம்பர் 22 முதல் ஆட்சியர் இங்கேயே இருக்கிறார். முடிவெடுக்க யாரும் நெல்லைக்கு அலைய வேண்டியதில்லை.

மாவட்ட நிர்வாகமும் பேரூராட்சியும் செய்ய வேண்டியவை இவை: வாகன நிறுத்தம் தெளிவாக இல்லாத விடுதிக்கு அனுமதி தரக் கூடாது. சீசனுக்கு முன், அந்த இடம் வாகன நிறுத்தமாகவே இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். டிரைவர் படுக்கவும் குளிக்கவும் விடுதியே இடம் தர வேண்டும்.

தெருவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து மனையில் வானம் தோண்டுகிறார்களா? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைக் கேட்டு இன்றே மனுப் போடுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு சண்டை போடுவதைவிட, அஸ்திவாரம் விழும்முன் கேள்வி கேட்பது எல்லோருக்கும் நல்லது.