வழிகாட்டும் திரையும் கேட்கும் செவியும்

பரீட்சை நெருங்கினால் எங்களிடம் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு படித்து முடித்தாய்?" என்பதே. "ஒழுங்காக நித்திரை வருகிறதா? மனதில் ஏதும் கவலையா?" என்று கேட்பவர்கள் குறைவு. படிப்பு, எதிர்காலத் துறை, உடல்நலம், உளநலம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கவனிப்பதே முழுமையான மாணவர் வழிகாட்டல். 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோவொரு உளநலப் பாதிப்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வகுப்பில் 35 பேர் என்றால் அது ஐந்து பேர்.

இந்த வழிகாட்டலின் பெரும்பகுதி இன்று டிஜிட்டல் வழியில் கிடைக்கின்றது. படிப்புக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்ஸலாவ தளம் மும்மொழிகளிலும் உண்டு. பல்கலைக்கழக அனுமதி விபரங்களை மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். அனுமதியில் ஒரு பகுதி கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுவதையும், அவற்றுள் பதுளையும் ஒன்று என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் தவறு. தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமமானது.

ஆனால் இவையெல்லாம் நமது மலைகளை வந்தடைகின்றனவா? கொவிட் காலத்தில், 2021இல், பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்து மாணவர்கள் இணையப் பாடங்களுக்காகக் காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கும் மேல் நடந்து ஒரு பாறையின் மேல் ஏறினார்கள். 'சிக்னல்' அங்கேதான் கிடைத்தது. லுணுகலையில் பெற்றோர் பிள்ளைகளை மலையுச்சியிலிருந்த மரக்குடிலுக்கு அழைத்துச் சென்றார்கள். உலகச் செய்திகளில் இடம்பெற்ற எங்கள் மாவட்டத்தின் கதை இது.

இதில் நாம் சிந்திக்க ஒரு விடயம் உண்டு. பாடத்தைப் பாறையின் மேல் பலர் நடுவே இருந்தும் பதிவிறக்கலாம். மனக்கவலையை அப்படிச் சொல்ல முடியுமா? தோட்டத்து லயன் அறையில் முழுக் குடும்பமும் ஒன்றாக இருக்கும். ஒரே தொலைபேசியை உம்மா, வாப்பா, தம்பி, தங்கை எல்லோரும் பாவிப்பார்கள். நகரத்து வீடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். எனவே தளம் அமைத்தால் மட்டும் போதாது. அது நம் மொழியில் பேச வேண்டும். குறைந்த டேட்டாவில் இயங்க வேண்டும். சொன்னதை அமானிதமாகக் காக்க வேண்டும்.

இணையம் இல்லாத வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை. சாதாரண பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம். மறுமுனையில் ஒரு மனிதர் செவிமடுப்பார்.

தோழிகளே, ஆலோசனை தருவதாகச் சொல்லும் எல்லாப் பக்கங்களையும் நம்பிவிடாதீர்கள். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இடத்தில் பெயரையோ புகைப்படத்தையோ கொடுக்க வேண்டாம். முதலில் உம்மாவிடமோ, பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையிடமோ பேசுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் போனைக் கண்டதும் பறிக்குமுன் எதற்காக என்று ஒருமுறை கேளுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று அவள் சொன்னால், அரைமணி நேரம் அதற்கு இடம் கொடுங்கள். மேலே சொன்ன இரண்டு இலக்கங்களையும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க எவருக்கும் தெம்பு இராது.